உபய காவேரி நடுவே ஓர் அரங்கம்: ஆற்றிடைக்குறையின் காப்பும் செஞ்சி நாட்டின் பங்கும்

‘அரங்கம்’ என்னும் சொல்லுக்கு ஆடுமிடம், அவை என்னும் பொருள்கள் இருப்பதோடு, ஆற்றின் நடுவே மணல் குவிந்து உயர்ந்த திட்டு என்னும் பொருளும் உண்டு. ‘துருத்தி’, ‘ஆற்றிடைக்குறை’ என்பனவும் இப்பொருளைத் தருவனவே. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் தான் சேவிக்க விரும்பும் எம்பெருமானைக் கூறுங்கால், காவிரியின் பெரிய துருத்தியில் கிடந்த வண்ணனாகவே அவனை அடையாளம் காட்டுகிறான். ஆகவே ‘திருவரங்கம்’ என்று ஆழ்வார்கள் வாய்மொழிந்த பெயரிலேயே ஆறும் அதன் நடுவிலுள்ள நிலமும் அடங்கியுள்ளன. கோயிலால் தீவுக்குப் பெருமை என்பது எல்லோரும் அறிந்ததே. அத்தீவு நீரால் அரிக்கப்படாமலும் படையால் அழிக்கப்படாமலும் எவ்வாறு காக்கப்பட்டு வந்தது என்பதும், அக்காப்பில் செஞ்சி நாட்டுக்கு உரிய பங்கு யாது என்பதும் தனித்து ஆராயத்தக்கவை.

தீவின் இயல்பு

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் முக்கொம்பு என்னுமிடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரி என்ற பெயரையே தாங்கிச் செல்கிறது. ஸ்ரீவைஷ்ணவ வழக்கில் இவை முறையே வடதிருக்காவேரி, தென்திருக்காவேரி எனப்படும். இவ்விரண்டும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடிக் கல்லணையருகே மீண்டும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. இடைப்பட்ட நிலம் நீண்டு குறுகிய ஒரு துண்டு. அகலம் பெரும்பாலான இடங்களில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேற்படாது. இதனுள்தான் ஏழு திருச்சுற்றுகளும் 21 கோபுரங்களும் கொண்ட பெரிய கோயில் 156 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ளது. திருவானைக்காவும் இதே தீவில் உள்ளது.

காவிரியில் மூன்று அரங்கங்கள் உண்டு என்பது மரபு. மைசூரை அடுத்த ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவசமுத்திரம் மத்தியரங்கம், திருவரங்கம் அந்தியரங்கம். மூன்றும் ஆற்றிடைத் தீவுகளே. முதலிரண்டும் கன்னட நாட்டின் பாறைப் படுகையில் அமைந்தவை. அங்கே ஆறு கல்லை அறுத்துச் செல்கிறது. மூன்றாவதோ ஆறு தானே சுமந்து வந்து இட்ட மணலாலும் வண்டலாலும் ஆனது. இட்ட கையே எடுத்துக்கொள்ளவும் வல்லது. திருவரங்கத்தின் நில வரலாறு முழுவதும் இந்த ஒரு செய்தியைச் சுற்றியே அமைகிறது.

பராசர பட்டர் தம் ஸ்ரீரங்கராஜ ஸ்தவத்தின் பூர்வசதகத்தில் எம்பெருமானின் திருமேனியை வருணிக்கப் புகுமுன் காவிரியையும், தீவின் சோலைகளையும், திருமதில்களையும் முறையாக வருணித்துச் செல்கிறார். ஆற்றைக் கடந்து, தீவில் இறங்கி, மதில்களைத் தாண்டிச் சந்நிதியை அடையும் அடியார் எந்த வரிசையில் காண்பாரோ அதே வரிசை அது. ஆறும் தீவும் கோயிலுக்குப் புறம்பானவை அல்ல. கோயிலின் முதற் சுற்று ஆறே என்னும் கருத்து அவ்வமைப்பில் வெளிப்படுகிறது.

அன்றாட வழிபாட்டிலும் இது தெளிவாகும். பெரிய பெருமாள் சுதைத் திருமேனியாதலின் அவருக்குத் தைலக்காப்பு மட்டுமே உண்டு, திருமஞ்சனம் உற்சவருக்கே. அதற்கான தீர்த்தம் ஐப்பசி மாதத்தில் தென்திருக்காவேரியிலிருந்து பொற்குடத்தில் யானைமேல் எழுந்தருளும். ஏனைய மாதங்களில் வடதிருக்காவேரியிலிருந்து வெள்ளிக்குடத்தில் வரும். இரண்டு கரைகளும் ஆண்டு முழுதும் முறை வைத்துக் கைங்கர்யம் செய்கின்றன.

வெள்ளமும் வியாக்கியானமும்

தீவில் வாழ்வோர்க்கு வெள்ளம் புதிதன்று. கோயிலொழுகும் குருபரம்பரை நூல்களும் அதைப் பல இடங்களில் குறிக்கின்றன. வியாக்கியான மரபினர் அனைவரும் அறிந்த ஒரு நிகழ்ச்சி இங்கு நினைக்கத்தக்கது. நஞ்சீயர் திருவாய்மொழிக்கு இட்ட ஒன்பதினாயிரப்படியை ஏடுபடுத்தித் தருமாறு நம்பூர் வரதராஜரிடம் ஒப்படைத்தார். அவர் அதை எடுத்துக்கொண்டு தம் ஊருக்குச் செல்லக் காவிரியை நீந்திக் கடந்தபோது இடைவழியில் வெள்ளம் பெருகி ஏட்டை அடித்துச் சென்றது. அவர் ஆசார்யர் அருளிச்செய்த பொருள்களை நினைவிலிருந்தே மீள எழுதி, வேண்டுமிடங்களில் விளக்கமும் சேர்த்து, நஞ்சீயர் திருமுன்பே சமர்ப்பித்தார். நிகழ்ந்ததை அறிந்த நஞ்சீயர் உகந்து ‘நம்பிள்ளை’ என்று அணைத்துக்கொண்டார். அந்த நம்பிள்ளையின் காலட்சேபத்தைக் கேட்டு வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தியதே ஈடு முப்பத்தாறாயிரப்படி.

ஆறு ஒரு நூலைக் கொண்டுபோயிற்று. நினைவு அதை மீட்டது. இழந்த பொருள் அப்படியே திரும்பவில்லை. கேட்டவர் நெஞ்சில் தங்கியது திரும்பிற்று. இந்நிகழ்ச்சியின் பொருள் அடுத்த நூற்றாண்டில் தீவு முழுவதற்கும் நேர்ந்ததை நோக்கும்போது மேலும் விளங்கும்.

தீவை விட்டு நீங்கிய காலம்

1311-ஆம் ஆண்டில் மாலிக் காபூரின் படை தமிழகத்தில் நுழைந்தது. அதைக்காட்டிலும் பெருந்துன்பம் 1323-இல் உலூக்கானின் படையெடுப்பால் நேர்ந்தது. பன்றியாழ்வான் மேட்டில் திருவரங்கத்தார் திரளாக உயிரிழந்த செய்தியைக் கோயிலொழுகு கூறுகிறது. அந்நாளில் பூர்வாசார்யர்கள் செய்த ஏற்பாடுகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. அசையாத் திருமேனியான பெரிய பெருமாளுக்கு முன்னே கல்திரை எழுப்பப்பட்டது. உற்சவரான அழகிய மணவாளப் பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு பிள்ளை லோகாசார்யர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். முதுமையும் வழித்துயரும் சேர, மதுரையை அடுத்த ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். வேதாந்த தேசிகர், சுதர்சன சூரி ஒப்படைத்த ச்ருதப்ரகாசிகை ஏடுகளையும் அவருடைய குமாரர் இருவரையும் காத்துக்கொண்டு கன்னட நாட்டுச் சத்தியகாலத்தை அடைந்தார்.

ஆக, காக்க வேண்டியவை மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டன. அசையாதது மறைக்கப்பட்டது, அசைவது எடுத்துச் செல்லப்பட்டது, நூல் தனி வழியில் அனுப்பப்பட்டது. ஒருவழி தவறினும் மற்றொன்று எஞ்சும் என்னும் முன்னோக்கு இதில் உண்டு. அதே வேளையில் தீவை மறப்பதற்கு எவரும் உடன்படவில்லை. சத்தியகாலத்தில் தேசிகர் அருளிய அபீதிஸ்தவம் அரங்கனிடம் அச்சமின்மையை வேண்டும் துதி. திருவரங்கத்தில் அடியார் அச்சம் நீங்கி வாழவேண்டும் என்னும் வேண்டுகோளே அதன் உயிர்நாடி. தம் ஒருவருக்கான பாதுகாப்பை அன்றி, ஓர் ஊரின் மீட்சியை அவர் பிரார்த்தித்தார்.

உற்சவர் மலைநாடு, கன்னட நாடு வழியாகப் பல இடங்களில் எழுந்தருளியிருந்து இறுதியில் திருமலையை அடைந்தார். திருவரங்கத்தில் வேறொரு திருமேனி எழுந்தருளப்பண்ணப்பட்டு வழிபாடு தொடர்ந்தது. அவரே திருவரங்க மாளிகையார் எனப்படுபவர்.

செஞ்சியும் சிங்கவரமும்

விசயநகர இளவரசர் குமார கம்பணர் தெற்கே படைநடத்தியபோது அவருடைய தலைவர்களுள் ஒருவரான கோபணார்யர் செஞ்சியை இருக்கையாகக் கொண்டிருந்தார். இப்பகுதி சோழர் காலக் கல்வெட்டுகளில் சிங்கபுர நாடு எனப்படுகிறது. செஞ்சிக்கு வடக்கே சிங்கவரத்தில் குன்றைக் குடைந்து அமைத்த பல்லவர் காலக் கோயிலில் அரங்கநாதர் பாறையிலேயே வடிக்கப்பட்டுப் பள்ளிகொண்டுள்ளார். அருகே மேலச்சேரியில் மற்றொரு பல்லவர் குடைவரை உண்டு. செஞ்சியிலிருந்து திண்டிவனம் செல்லும் வழியில் அமைந்த வல்லம் இந்நாட்டு ஊர். தஞ்சையை அடுத்த வல்லமும், செங்கற்பட்டை அடுத்த குடைவரை வல்லமும் வேறு. இந்நாட்டின் ஆறான சங்கராபரணி செஞ்சிக் குன்றுகளில் தோன்றிப் புதுவையருகே கடலில் கலப்பது. மழை பெய்தால் ஓடி, மற்ற நாளில் மணலாய்க் கிடக்கும் ஆறு அது. காவிரியின் துருத்தியில் கண்வளர்ந்தவனுக்குச் சில காலம் இந்த வறண்ட கற்குன்று நாடு இடமளித்தது.

கோபணார்யர் திருமலையிலிருந்து எம்பெருமானை எழுந்தருளப் பண்ணிவந்தார். கோயிலொழுகு அவர் தங்கிய இடத்தைச் சிங்கபுரம் என்கிறது. கண்ணனூரிலிருந்த பகைப்படையின் நிலையைச் சிங்கப்பிரான் என்பவர் செஞ்சியிலிருந்த கோபணருக்கு அறிவித்து வந்தார் என்பதும் ஒழுகின் கூற்று. கண்ணனூர் கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய சமயபுரத்தை அடுத்து, போசளர் தலைநகராய் இருந்த ஊர். தீவுக்கு வரும் வடவாயிலை அடைத்து நின்ற படை அது. அதை வென்றாலன்றிக் கொள்ளிடத்தைக் கடத்தல் இயலாது.

இச்செய்திக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. திருவரங்கத்தில் இராசமகேந்திரன் திருச்சுற்றின் கிழக்குச் சுவரில் இரண்டு வடமொழிச் சுலோகங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தேசிகர் அருளியவை என்பது மரபு. கோபணர் அஞ்சனாத்ரியிலிருந்து அரங்கனை எழுந்தருளச் செய்து, செஞ்சியில் சிறிது காலம் ஆராதித்து, பகைவரை வென்று, உபய நாச்சிமாரோடு திருவரங்கத்தில் மீளப் பிரதிஷ்டை செய்வித்தார் என்பது அவற்றின் கருத்து. ஆண்டு ‘பந்துப்ரிய’ என்னும் சொல்லில் அடங்கியுள்ளது. எழுத்தெண் முறைப்படி அது 3, 9, 2, 1 எனப் பிரிந்து, தலைகீழாகக் கொள்ள சகம் 1293 ஆகும், அதாவது கி.பி. 1371. ஒழுகு கூறும் பரிதாபி ஆண்டு வைகாசி 17 என்பதும் இதனோடு இசையக் கொள்ளப்படுகிறது. ஒழுகு பிற்காலங்களில் பலமுறை தொகுக்கப்பட்ட நூல். கல்லோ நிகழ்ச்சியை ஒட்டியே பொறிக்கப்பட்டது. சிங்கபுரம் என்று ஒழுகு கூறுவதும் செஞ்சி என்று கல் கூறுவதும் ஒரே நிலப்பகுதி. வாய்வழி மரபும் கல்லும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இடங்களுள் இது தலையாயது.

ஈரவாடைத் தீர்த்தம்

எம்பெருமான் திரும்பியபோது ஏறத்தாழ 48 ஆண்டுகள் கடந்திருந்தன. முன்பு சேவித்தவர் பெரும்பாலும் இல்லை. எழுந்தருளியிருந்த திருமேனி ஒன்று. வந்த திருமேனி மற்றொன்று. முன்னவர் யார் என்னும் ஐயம் எழுந்தது. அப்போது கண்பார்வை இழந்த முதிய ஈரங்கொல்லி ஒருவர், முற்காலத்தில் அழகிய மணவாளப் பெருமாளின் ஈரவாடைத் தீர்த்தத்தைச் சுவைத்து அறிந்தவர், முன்வந்தார். இருவருக்கும் திருமஞ்சனம் செய்து அவ்வாடை நீரைக் கொடுக்கச் செய்தார்கள். சுவைத்துப் பார்த்து ‘இவரே நம்பெருமாள்’ என்றார் அவர். அன்று முதல் அத்திருநாமமே நிலைத்தது என்பது ஒழுகு தரும் வரலாறு.

இவ்வரலாற்றில் கருதத்தக்கது ஒன்றுண்டு. அரங்கனை அடையாளம் காட்டியவர் படைத்தலைவர் அல்லர். ஏடு கற்ற ஆசார்யரும் அல்லர். ஆற்றங்கரையில் துணி வெளுத்த கைங்கர்யபரர். அவர் கையாண்ட சான்று கல்லோ செம்போ அன்று. காவிரி நீரில் கலந்த பரிமளம். நம்பிள்ளையின் நெஞ்சில் நூல் தங்கியது போல இவருடைய நாவில் திருமேனியின் நினைவு தங்கியது. கோபணருடைய வாள் எம்பெருமானைத் தீவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது உண்மை. ஆயினும் தீவு மீண்டும் ‘அரங்கம்’ ஆனது அந்த முதியவரின் சொல்லால்தான். பொருளைக் காத்தாலும் அதை அறிவாரைக் காவாவிடில் காப்பு நிறைவுறாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. பின்னர் மணவாள மாமுனிகள் சிதறிய வியாக்கியான ஏடுகளைத் தேடிச் சேர்த்துப் படியெடுப்பித்ததும், நம்பெருமாள் திருமுன்பே ஈட்டை ஓராண்டு காலட்சேபம் செய்ததும் இம்மீட்சியின் நிறைவுப் பகுதியாகவே கொள்ளத்தக்கன.

நீரால் வரும் இடர்: இரண்டு அணைகள்

படையால் வந்த இடர் சில ஆண்டுகளோடு தீர்ந்தது; நீரால் வரும் இடர் தீராதது. தீவின் மேற்கு முனையிலும் கிழக்கு முனையிலும் அது வெவ்வேறு வடிவில் நேர்கிறது. கொள்ளிடம் கடலுக்குக் குறுகிய, சரிவு மிக்க வழி. ஆதலால் மேற்கு முனையில் நீர் இயல்பாகவே கொள்ளிடத்தை நாடும். காவிரித் தலைப்பில் மணல் படியும். கிழக்கு முனையிலோ காவிரிப் படுகை மேடாகவும் கொள்ளிடப் படுகை பள்ளமாகவும் இருப்பதால், இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தை உடைத்துக்கொண்டு காவிரி நீர் கொள்ளிடத்தில் விழ முயலும். முதலாவது முற்றினால் தஞ்சை நாடு வறளும்; இரண்டாவது முற்றினாலும் அதுவே நேரும்; அத்துடன் தீவின் வால்முனையும் அரிந்துபோகும்.

கிழக்கு முனையில் கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை இவ்விரண்டாம் இடரைத் தடுப்பது. ஏறத்தாழ 329 மீட்டர் நீளத்தில் வளைந்து செல்லும் அக்கற்சுவர் ஆற்று மணல்மேலேயே கட்டப்பட்டது. மணற்படுகையில் கடைக்கால் இடும் வகையைக் கல்லணையைப் பார்த்தே கற்றதாக ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன் ஒப்புக்கொண்டுள்ளார். 1804-இல் கால்டுவெல் என்னும் படைப்பொறியாளர் அதன் உயரத்தைக் கூட்டினார். மேற்கு முனையில் 1836-இல் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். அதன் விளைவாகக் காவிரிக்கு நீர் மிகுந்தது. வேண்டியதற்கும் மேலாக மிகுந்து காவிரிப் படுகை அரிபடத் தொடங்கவே, 1840களில் காவிரித் தலைப்பிலும் ஒரு தடுப்பு அமைக்க வேண்டியதாயிற்று. ஒரு கரையைக் காத்தால் மறு கரை அசைகிறது. தீவு இரு தட்டுகளுக்கு நடுவிலுள்ள துலாக்கோலின் முள்ளைப் போன்றது.

போர்க்காலங்களில் இந்நீரமைப்பே படைக்கலமானதும் உண்டு. 1752-இல் பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிபும் தீவினுள் கோயில் மதில்களை அரணாகக் கொண்டு தங்கினர். அவ்வாண்டு ஜூனில் பிரெஞ்சுத் தலைவர் லா சரணடைந்தார். 1754-இல் தஞ்சையை வருத்துவதற்காகப் பிரெஞ்சுக்காரர் கோவிலடி அருகே கரையை வெட்டினர். கோவிலடி என்பது அப்பக்குடத்தான் பள்ளிகொண்ட திருப்பேர்நகர் என்னும் திவ்யதேசமே. எதிரியை வருத்த விரும்பியவர் ஊரைத் தாக்காமல் கரையைத் தாக்கினார் என்பதிலிருந்தே இந்நாட்டில் கரையின் மதிப்பு விளங்கும்.

அண்மைக் காலம்

1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளம் இன்றளவும் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. 1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்றபின் வெள்ளங்கள் அடங்கின. ஆயினும் அணை வந்த இடரை ஒழிக்கவில்லை, ஒத்திப்போட்டது என்றே கூறவேண்டும். 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் பெருநீர் வந்தபோது, திருவானைக்காவலையும் வடகரையையும் இணைத்த 1928-ஆம் ஆண்டுப் பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி விழுந்தது. சில நாட்களுக்குள், 22-ஆம் தேதி இரவு, முக்கொம்பு கொள்ளிடக் கதவணையின் 45 கண்களில் 9 கண்கள் இடிந்தன. பின்னர் அங்குப் புதிய கதவணை கட்டப்பட்டது. மணல் அள்ளப்பட்டுப் படுகை தாழ்ந்தால் தூண்களின் கடைக்கால் வெளிப்படும், கரை சரியும். இது பொறியாளர் அனைவரும் அறிந்த விதி. கரையில்லாத தீவுக்கு மதில் இருந்தும் பயனில்லை.

கோயிலுக்குள் நிகழ்ந்த திருப்பணி இவ்வகையில் நல்ல எடுத்துக்காட்டு. 2015-இல் நிறைவுற்ற திருப்பணிக்காக 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது ஸ்ரீரங்கம் கோயிலுக்கு வழங்கப்பட்டது. அத்திருப்பணியில் பிற்காலச் செருகல்கள் அகற்றப்பட்டதோடு, பழைய மழைநீர்ச் சேகரிப்பும் வடிகால்களும் மீட்கப்பட்டன. கோபுரத்தின் வண்ணத்தைக் காட்டிலும் தரைக்கீழ் வாய்க்கால் கோயிலின் ஆயுளுக்கு இன்றியமையாதது என்பதை முன்னோர் அறிந்திருந்தனர்; பின்வந்தோர் மறந்திருந்தனர்; இப்போது மீண்டும் நினைவுக்கு வந்துள்ளது. தீவின் மேற்பகுதியில் மேலூர்க் காட்டில் 2015-இல் வண்ணத்துப்பூச்சிகளுக்கென ஒரு சோலையும் அமைக்கப்பட்டது. வண்டுகள் முரலும் சோலையைத் திருமாலையில் பாடிய தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனக் கைங்கர்யம் செய்த தீவுக்கு இது பொருத்தமே.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைத் தொகுதியின் பகுதியாக உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. திருவரங்கம் இன்னும் அப்பட்டியலுக்கான முன்வரிசையில்தான் உள்ளது. அன்று அரங்கனுக்கு இடமளித்த குன்று முன்னே சென்றுவிட்டது எனலாம். ஆயினும் அக்குன்றைக் காண வருவோர் பெரும்பாலும் இராசகிரியின் மதில்களைக் கண்டு திரும்புகின்றனர். சற்று வடக்கே சிங்கவரத்துப் படிகளை ஏறுவோர் சிலரே. ஒரு தீவு தன் பெருமாளை இழந்திருந்த காலத்தில் அவரை ஆராதித்த நாடு இது என்னும் செய்தி திருவரங்கத்துச் சுவரில் கல்லெழுத்தாக நிற்கிறது. செஞ்சியில் அது சொல்வார் சொல்லில் மட்டுமே நிற்கிறது. ஈரங்கொல்லியின் நினைவு ஒரு திருநாமத்தைக் காத்தது போல, இந்நினைவும் சொல்லப்படும் வரையிலேயே காக்கப்படும். உபய காவேரியின் கரைகளைக் காப்பது அரசின் கடமை. அக்கரைகளுக்கு நடுவே நிகழ்ந்ததை நினைவிற் காப்பது சம்பிரதாயத்தாரின் கடமை. இவ்விரண்டும் ஒருங்கே நடந்த காலங்களிலேயே அரங்கம் அரங்கமாக இருந்திருக்கிறது.